எழுந்து நின்ற சபை

தன் தம்பியைப் போதகராக்குவதற்காக டயர்க்காரன் உடைத்த முதல் பொருள் ஒரு பல். சபையில் ஆர்கன் வாசிப்பவருடைய மேல்வரிசைப் பல். அவர் பெரிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. ஆராதனை முடிந்து வாசலில் குடையை விரித்தபடியே, தம்பியின் பிரசங்கம் நன்றாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் உப்பு குறைவு என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிச் சிரித்தார். சிரித்த வாய் மூடுவதற்குள் டயர்க்காரனின் முழங்கை அங்கே வந்து இறங்கிவிட்டது. கையை மடக்கிக் குத்தினால் குத்தியதாகிவிடும், முழங்கை என்றால் கூட்டத்தில் தெரியாமல் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. அப்படியே சொல்லவும் செய்தான். குனிந்து தேடி, படிக்கட்டில் கிடந்த பல்லை எடுத்து, கைக்குட்டையில் துடைத்து, அவர் கையிலேயே பணிவாகக் கொடுத்தான். அதற்குப் பிறகு ஆர்கன்காரர் தம்பியின் பிரசங்கத்தைப் பற்றி நல்லதாகக்கூட வாய் திறப்பதில்லை.

இரண்டாவது ஆள் பிளம்பர். அண்ணன் ரவுடி, தம்பி போதகரா, நல்ல பொருத்தம் என்று அவர் எங்கோ பேசியதாகக் காதில் விழுந்தது. ஸ்கூட்டருக்குக் காற்றடிக்க அவரே கடைக்கு வந்து மாட்டிக்கொண்டார். பஞ்சர் எங்கே என்று பார்ப்பதற்கு டியூபை முக்கும் தொட்டி ஒன்று கடை வாசலில் உண்டு. ரப்பர் தூளும் எண்ணெய்ப் படலமும் மிதக்கும் கறுப்புத் தண்ணீர். டயர்க்காரன் அவர் பிடரியைப் பிடித்து அந்தத் தண்ணீரில் முகத்தை அமுக்கினான். குமிழி குமிழியாக வந்தது. தூக்கி எடுத்து, ஓட்டை வாயில்தான் இருக்கிறது என்று வேலையாட்களிடம் சொல்லிவிட்டு மறுபடி அமுக்கினான். பிறகு துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுத்து, இரண்டு சக்கரத்துக்கும் காற்றடித்து அனுப்பினான். பிளம்பர் மூச்சு வாங்கியபடி ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே போனார்.

இதெல்லாம் எதற்கு என்றால், அந்தச் சபையின் வழக்கம் அப்படி. அங்கே போதகரை மேலிடம் அனுப்பி வைக்காது. சபைதான் அழைக்க வேண்டும். முன்பெல்லாம் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். ஒரு முறை, சபையில் இருக்கும் தலைகளைவிடப் பெட்டியில் சீட்டுகள் அதிகமாக இருந்தன. பீடத்துக்கு முன்னாலேயே அடிதடி நடந்து, ஒருவருக்குக் கண் போயிற்று. அன்றைக்குப் பெரியவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்து யோசித்து, சீட்டும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம், எல்லாம் கண்ணுக்குத் தெரிய நடக்கட்டும் என்று புது முறை வகுத்தார்கள். பேராயர் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார். இவரை உங்கள் போதகராக அழைக்கிறீர்களா? அழைக்கிறவர்கள் எழுந்து நிற்க வேண்டும். வேண்டாம் என்கிறவர் உட்கார்ந்திருக்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை, யாரும் கேட்கவும் கூடாது. ஆனால் ஒரே ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் அழைப்பு இல்லை. வீட்டில் இருப்பவருக்குக் குரல் கிடையாது. அந்த நேரத்தில் அந்தக் கூரைக்குக் கீழே இருப்பவர்கள் மட்டும்தான் சபை.

பெரியவர்கள் நல்ல மனதோடுதான் செய்தார்கள். ஆனால் மனிதர்களை ஒன்றாக எழுப்புவது லேசான காரியமா? ஒருவரை, பிரசங்கம் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டிப் போகிறது என்று தையல்காரம்மா உட்கார்ந்தே திருப்பி அனுப்பினார். இன்னொருவரை, அவர் மனைவி யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை என்று ஒரு முழு பெஞ்சு திருப்பி அனுப்பியது. சபை வருடக் கணக்கில் போதகர் இல்லாமல் கிடந்தது. கல்யாணம் ஆனாலும் சாவு ஆனாலும் அடுத்த ஊர்ப் போதகரின் கையைக் காலைப் பிடித்து அழைத்து வர வேண்டியிருந்தது. கடைசியில், சபையிலேயே பிறந்து வளர்ந்து, வேதக் கல்லூரியில் படித்து முடித்து வந்த ஒருவர் இருக்கிறாரே, அவரைக் கேட்டால் என்ன என்று பேச்சு கிளம்பியது. அவன்தான் டயர்க்காரனின் தம்பி. எல்லாரும் அவனைச் சின்னவர் என்பார்கள்.

சொந்தச் சபையில் பிறந்தவனுக்கு ஒரு தனி விதி இருந்தது. அவனுக்கு ஒரே வாய்ப்பு. சபை எழுந்து நிற்காவிட்டால், அவன் பெயரை அங்கே மறுபடி எடுக்கவே கூடாது. பேராயர் அவனைக் கண்காணாத இடத்துக்கு எங்கேயாவது அனுப்பிவிடுவார். முன்பு அப்படிப் போன ஒருவர் கல்லறைக்குக்கூடத் திரும்பி வரவில்லை.

டயர்க்காரனைத் தூக்கம் கெட வைத்தது இந்த விதிதான். அவனுக்குத் தம்பியைத் தவிர யாரும் இல்லை. அப்பா அம்மா ஒரே பேருந்து விபத்தில் போனபோது அவனுக்கு மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. தம்பி இன்னும் படுக்கையை நனைத்துக்கொண்டிருந்தான். அன்று தொடங்கி லாரிச் சக்கரத்தைக் கழற்றிக் கழற்றி, கம்பி விட்டு டயரை நெம்பி நெம்பித் தம்பியை வளர்த்தான். பள்ளிக்கூடத்தில் தம்பியைக் கிள்ளிய பையனின் விரல் மறுநாள் வளைந்திருந்தது. பரீட்சையில் தம்பியை ஃபெயிலாக்கிய வாத்தியார் ஒரு வாரம் நொண்டினார். தனக்கென்று கல்யாணம் பேச வந்தவர்களை, முதலில் இவன் கரையேறட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டான். பாசத்தைக் காட்ட அவனுக்குத் தெரிந்த ஒரே வழி, பாசம் வைத்தவர்களைத் தவிர மற்ற எல்லாரையும் அடிப்பது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட ஆண்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டும் இருக்கிறோம்.

வேதக் கல்லூரிக்குப் போகும் அன்று தம்பி அவனிடம் ஒரே ஒரு வாக்கு வாங்கியிருந்தான். எனக்காக இனிமேல் யாரையும் தொடக் கூடாது. அண்ணன் தம்பியின் தலையில் கை வைத்துச் சரி என்றான். அந்த வாக்கைக் காப்பாற்ற அவன் கண்டுபிடித்த வழி, இனிமேல் தம்பிக்குத் தெரியாமல் அடிப்பது.

அழைப்பு நாள் நெருங்கியபோது தம்பிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சமையலறையில் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தான். அண்ணன் ஏன் என்று கேட்டான்.

"உள்ளுக்குள்ள ஒரு குரல் கேட்டுதான் இந்தப் படிப்புக்கே போனேன், அண்ணா. அது நெஜமாவே கேட்டுதா, நானா நெனச்சுக்கிட்டதான்னு இன்னும் தெரியல. சபை எந்திரிச்சு நின்னா அன்னிக்குத் தெரியும். அதுவும் அவங்களா எந்திரிக்கணும்."

டயர்க்காரன் காதில் இதில் பாதிதான் ஏறியது. சபை எழுந்திருக்க வேண்டும். அவ்வளவுதானே, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, தம்பி தட்டில் இன்னொரு ரொட்டி வைத்தான்.

எல்லாரும் வழிக்கு வந்துவிட்டார்கள். ஆர்கன்காரர் வந்தார், பிளம்பர் வந்தார், தையல்காரம்மாவின் மெஷினுக்கு ஒரு புது மோட்டார் போயிற்று, அவரும் வந்தார். வராதவர் ஒரே ஒருவர். மருந்துக்கடை மூப்பர். சபையை நிர்வகிக்கும் மூப்பர்களில் மூத்தவர். ஒல்லியான ஆள், ஊதினால் பறந்துவிடுவார். ஆனால் பிடிவாதத்தில் பழைய லாரியின் துருப்பிடித்த நட்டு மாதிரி. நிர்வாகக் கூட்டத்தில் எழுந்து, அன்றைக்கு நான் உட்காருவேன், ஒளித்துச் செய்ய விருப்பமில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன் என்று அறிவித்துவிட்டார்.

டயர்க்காரன் மத்தியான நேரத்தில் மருந்துக்கடைக்குப் போனான். வெயிலுக்குப் பயந்து தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மூப்பர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, மாத்திரை அட்டைகளை டப்பாக்களில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவன் குனிந்து உள்ளே வந்து ஷட்டரை முழுக்க இறக்கினான். இடுப்பில், சட்டைக்கு அடியில், டயர் கழற்றும் கம்பி இருந்தது. அதை எடுக்க வேண்டி வராது என்றுதான் நம்பிக்கொண்டு வந்தான். பேசிப் பார்க்க வேண்டும் என்று நல்ல சட்டை போட்டிருந்தான்.

கெஞ்சவே செய்தான். ஒரு நாள் மட்டும் வீட்டில் இருந்துவிடச் சொன்னான். காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளுங்கள், மாத்திரைக்கா உங்களுக்குப் பஞ்சம் என்றான். மூப்பருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்காரச் சொல்லி ஸ்டூலைத் தள்ளிப் போட்டார்.

"உன் தம்பி மேல எனக்கு ஒரு குறையும் இல்லப்பா. அவன் பேசும்போது எனக்கே கண்ணு கலங்குது. ஆனா அவன் பின்னாடி நீ நிக்கிற. நாளைக்கு ஒருத்தன் மனசு விட்டு அழணும்னு அவன்கிட்ட வரான்னு வை. வாசல்ல உன்னைத் தாண்டித்தானே வரணும்? எவன் வருவான்?"

"நான் கடையில கெடக்குறேன். அந்தப் பக்கமே வரமாட்டேன்."

"ஆர்கன்காரரோட பல்லை வாசல்ல வச்சு ஒடச்சது யாரு?"

டயர்க்காரனின் முகத்தில் ரத்தம் ஏறியது. மூப்பர் மறுபடி மாத்திரை அட்டைகளை எடுத்தார். முதுகைக் காட்டிக்கொண்டே, வருவேன், வந்து என் இடத்தில் உட்காருவேன் என்றார். மிரட்டலாக இல்லை, மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னார். அந்தச் சாதாரணக் குரல்தான் டயர்க்காரனைப் பைத்தியமாக்கியது.

கம்பி வலது முழங்காலில் பக்கவாட்டில் விழுந்தது. பச்சை மரக்கிளை முறிகிற சத்தம். மூப்பர் கத்தவில்லை, கத்துவதற்கு மூச்சு வரவில்லை. அலமாரியைப் பிடித்தார், அலமாரி அவரோடு சேர்ந்து சாய்ந்தது. இருமல் மருந்து பாட்டில்கள் ஒவ்வொன்றாக உருண்டு தரையில் வெடித்தன. அவர் அந்தச் சிவப்புச் சாற்றில் மல்லாந்து விழுந்தார். ஒரு கால் போனாலும் இன்னொரு காலில் நொண்டிக்கொண்டு வந்துவிடுவார் இந்த மனுஷர் என்று டயர்க்காரனுக்குத் தோன்றியது. இடது கணுக்காலைக் கம்பியால் அடித்தான். மறுபடி அடித்தான். செருப்பு கழன்று கல்லாப் பெட்டிக்கு அடியில் போய் நின்றது. பாதம் வேறு திசையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதைப் பார்த்ததும்தான் அவன் நிறுத்தினான்.

அப்புறம் அவன் செய்ததுதான் விசித்திரம். அலமாரியில் துணிக்கட்டுகளைத் தேடி எடுத்து, பக்கத்தில் கிடந்த இரண்டு மரச் சட்டங்களை வைத்து, அடிபட்ட லாரிக்காரர்களுக்குக் கட்டிப் பழகிய கையால் இரண்டு காலையும் கச்சிதமாகக் கட்டினான். கட்டும்போது அழுதான். ஏன் இப்படிச் செய்ய வைத்தீர்கள் என்று அவரையே திட்டினான். பிறகு குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கித் தன் வேனில் கிடத்தி, ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். சாலையில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் மூப்பர் உதட்டைக் கடித்தார். கடித்த இடத்திலும் ரத்தம் வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில்தான் அவர் வாய் திறந்தார்.

"ஏணியிலேருந்து விழுந்தேன்னு சொல்லிக்கிறேன். உனக்காக இல்ல. அந்தப் பையன் காதுக்கு இது போகக் கூடாது. போனா அவன் ஒடஞ்சிடுவான்."

டயர்க்காரனுக்கு நன்றி சொல்வதா, அந்த வாயையும் சேர்த்து உடைப்பதா என்று தெரியவில்லை.

மூப்பர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பிள்ளைகளிடம்கூட ஏணி என்றே சொன்னார். பிள்ளைகள் நம்பவில்லை. மூத்தவன் கசாப்புக்கடை வைத்திருப்பவன், எலும்பு எப்படி உடைந்தால் எப்படி இருக்கும் என்று அவனுக்கா தெரியாது? ஆனால் யாரையும் எதுவும் செய்யக் கூடாது என்று அப்பா கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் வாங்கிவிட்டார். சின்னவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுக்கைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு ஜெபித்துவிட்டு வந்தான். வீட்டுக்கு வந்து, பாவம், இந்த வயதில் ஏணியில் ஏறலாமா என்று அண்ணனிடம் வருத்தப்பட்டான். அண்ணன் ஆமாம் என்றான். அன்று அவனுக்கும் சாப்பாடு இறங்கவில்லை, ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தான். வீட்டில் இருப்பவருக்குக் குரல் இல்லை. ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கும்தான்.

அழைப்பு நாளன்று டயர்க்காரன் நகக்கண்களைப் பெட்ரோல் விட்டுத் தேய்த்துக் கழுவினான். தைத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்தான். வேலையாட்களையும் குளிக்கச் சொல்லி, பின்வரிசையில் உட்கார வைத்திருந்தான். எவராவது எழுந்திருக்கத் தாமதித்தால் பின்னாலிருந்து ஒரு பார்வை பார்க்க. ஆராதனை முடிந்தது. தம்பி பீடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அங்கி அறைக்குள் போனான். முகம் வெளுத்திருந்தது. வேண்டுகிறவனைப் பார்த்து யாரும் வெட்கப்பட்டு எழுந்துவிடக் கூடாது என்பதற்காக, அழைப்பு முடியும்வரை அவனை அங்கே வைத்து வெளியே தாழ்ப்பாள் போடுவது வழக்கம். கோயில் வேலைக்காரர் தாழ்ப்பாளை இழுத்தார்.

பேராயர் எழுந்து தொண்டையைச் செருமிய நேரத்தில் பின்வாசல் திறந்தது.

மூப்பரை ஒரு மர நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். முன்னால் கசாப்புக்கடைக்காரன், பின்னால் அவன் தம்பி. மாவுக்கட்டு போட்ட இரண்டு கால்களும் பலகை மேல் நீட்டிக்கொண்டிருந்தன. நடுவழியில், அவர் எப்போதும் உட்காரும் பெஞ்சுக்குப் பக்கத்தில் நாற்காலியை இறக்கினார்கள். மூப்பர் மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு பேராயருக்கு ஒரு வணக்கம் வைத்தார். உட்கார வந்துவிட்டாரே என்று டயர்க்காரன் முதலில் பதறினான். அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது. இந்த மனிதர் இன்றைக்கு உட்காரத்தான் முடியும். மனது மாறி எழுந்திருக்க நினைத்தாலும் முடியாது. முடியாதபடி செய்தவன் வேறு யாரும் இல்லை.

பேராயர் கேள்வியைக் கேட்டார். பெஞ்சுகள் கிறீச்சிட சபை எழுந்தது. உடைந்த பல் எழுந்தது, பிளம்பர் எழுந்தார், தையல்காரம்மா எழுந்தார். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு எழுச்சியை அந்தச் சபை பார்த்ததில்லை. நடுவில் மூப்பர் மட்டும் நாற்காலியில் இருந்தார்.

பேராயர் தடுமாறினார். காரணம் கேட்கக் கூடாது. ஆனால் கட்டுப்போட்ட காலைப் பார்க்காதது போல எப்படி இருப்பது? கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்து, உங்களால் எழுந்திருக்க முடியவில்லையா, இல்லை விருப்பம் இல்லையா, அதை மட்டும் சொன்னால் போதும் என்றார்.

மூப்பர் தன் கால்களைப் பார்த்தபடி சொன்னார்.

"ரெண்டையும் பிரிச்சுச் சொல்லத் தெரியலைங்க ஐயா. உக்காருவேன்னுதான் சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரியில அந்தப் பிள்ளை மண்டி போட்டு ஜெபிச்சதைப் பார்த்தப்புறம் மனசு கெடந்து அடிச்சுக்குது. இன்னிக்கு இங்க வந்து, நீங்க கேட்டப்புறம், இந்தக் கால் என்ன பண்ணுதுன்னு பார்க்கலாம்னு இருந்தேன். அதைப் பார்க்க எனக்குக் குடுத்து வைக்கல."

யாரோ ஒரு அம்மா, போன தடவை நடக்க முடியாத பாட்டியை மகள்கள் இரண்டு பக்கமும் தாங்கி நிறுத்தினார்களே, அதை ஏற்றுக்கொண்டோமே என்று மெதுவாக நினைவுபடுத்தினார். உண்மைதான், ஆனால் தாங்கச் சொல்லி அவர் கேட்க வேண்டும் என்றார் பேராயர். எல்லாரும் மூப்பரைப் பார்த்தார்கள். மூப்பர் கண்ணை மூடியிருந்தார். யோசித்துக்கொண்டிருந்தாரோ, ஜெபித்துக்கொண்டிருந்தாரோ. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் ஒருவேளை அவரே கையை நீட்டியிருப்பார். அது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை, ஏனென்றால் டயர்க்காரனுக்குப் பொறுக்க முடியவில்லை.

அவன் பெஞ்சைத் தாண்டிக் குதித்து நடுவழிக்கு வந்தான். மூப்பரின் பின்னால் போய், இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, லாரிச் சக்கரத்தைத் தூக்கும் ஒரே மூச்சில் தூக்கி நிறுத்தினான். உடைந்த காலில் உடம்பின் பாரம் இறங்கியது. அன்றைக்கு மருந்துக்கடையில் வராத கத்தல் இப்போது வந்தது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தன.

"நிக்கிறார் ஐயா" என்றான் டயர்க்காரன். "பாருங்க, நிக்கிறார்."

கசாப்புக்கடைக்காரனின் சத்தியம் அந்த இடத்தில் அறுந்தது. அவன் விட்ட முதல் குத்தில் டயர்க்காரனின் மூக்கெலும்பு நொறுங்கியது. வெள்ளைச் சட்டையில் ரத்தம் கொட்டியது. டயர்க்காரன் கையை விடவில்லை. முதலாளியை அடித்ததைப் பார்த்துப் பின்வரிசை வேலையாட்கள் பெஞ்சு மேலேறி ஓடி வந்தார்கள். மூப்பரின் இளைய மகன் நாற்காலியைத் தூக்கி ஒருவன் தலையில் போட்டு உடைத்தான். உடைந்த நாற்காலிக் காலை எடுத்து அதே ஆள் அவன் விலாவில் சொருகினான். காணிக்கைப் பையின் நீளக் கம்பைப் பிடுங்கிக்கொண்டு பிளம்பர், பாவம், தொட்டித் தண்ணீரை நினைத்தபடி, டயர்க்காரனின் முதுகில் விளாசினார். ஆர்கன்காரர் பாட்டு எண் எழுதும் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து அவன் மண்டையில் இறக்கினார். அதுவரை யாருக்கு யார் மேல் என்னென்ன கோபம் இருந்ததோ அத்தனையும் வெளியே வந்தது. தையல்காரம்மா யாருடைய தலைமயிரையோ பிடித்திருந்தார். அந்த மயிருக்கும் இந்த அழைப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கதவுக் கண்ணாடி உடைந்தது. பேராயரின் கையில் வெட்டு விழுந்தது.

இதற்கு நடுவில் டயர்க்காரன் தூண் மாதிரி நின்றான். அடி எங்கே விழுந்தாலும் கையால் தடுக்கவில்லை, ஏனென்றால் இரண்டு கையும் மூப்பரைத் தாங்கிக்கொண்டிருந்தன. மூப்பர் மேல் அடி படக் கூடாதென்று தன் உடம்பைத் திருப்பித் திருப்பிக் கொடுத்தான். ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. மற்றக் கண்ணால் சபையைச் சுற்றிப் பார்த்தான். அடிக்கிறவன் நின்றான், அடி வாங்குகிறவன் நின்றான், விலக்குகிறவர்கள் நின்றார்கள், ஓடுகிறவர்களும் நின்றுதான் ஓடினார்கள். அவனுக்குச் சந்தோஷம் பொங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷம்தான்.

"எல்லாரும் எந்திரிச்சாச்சு ஐயா" என்று பேராயரைப் பார்த்து ரத்தத்தோடு துப்பிக்கொண்டே சொன்னான். "ஒருத்தர்கூட உக்காரல. சொல்லிடுங்க. அழைப்பு ஆச்சுன்னு சொல்லிடுங்க."

உள்ளேயிருந்து அங்கி அறையின் கதவு அதிர்ந்தபடியே இருந்தது. கோயில் வேலைக்காரர் தாழ்ப்பாளை விலக்கினார். தம்பி வெளியே வந்தான்.

முதலில் அவனைப் பார்த்தவர்கள் கையை இறக்கினார்கள். அடுத்தவர்கள் அவர்களைப் பார்த்து இறக்கினார்கள். அப்படியே சத்தம் முன்னாலிருந்து பின்னால் வரை அடங்கிக்கொண்டே போயிற்று. தம்பி கவிழ்ந்த பெஞ்சுகளைத் தாண்டி நடுவழியில் வந்து நின்றான். அண்ணனின் முகத்தைப் பார்த்தான். மூப்பரின் அக்குளில் பின்னியிருந்த அண்ணனின் கைகளைப் பார்த்தான். மாவுக்கட்டு விரிசல் விட்டு, விரிசலில் சிவப்பு ஊறிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தான்.

"ஏணி இல்லையா, அண்ணா?"

மூப்பர்தான் முனகினார், ஏணிதான் தம்பி, நான்தான் விழுந்தேன் என்று. அவர் சொல்லும்போதே வலியில் கண்ணீர் வழிந்தது. தம்பி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான்.

பிறகு திரும்பி நடந்தான். முன்வரிசையில் கவிழாமல் நின்ற ஒரே பெஞ்சுக்குப் போனான். அவனும் அந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றவன்தான். கதவுக்குப் பின்னால் இருந்தவரைக்கும் அவன் கணக்கில் இல்லை. இப்போது அந்தக் கூரைக்குக் கீழே வந்துவிட்டான். சட்டையின் ஓரத்தை ஒரு முறை இழுத்து விட்டுக்கொண்டு, பேராயரைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.

சபை முழுக்க நின்றுகொண்டிருந்தது. அவன் ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

"எந்திரிடா" என்றான் டயர்க்காரன். "தம்பி, எல்லாரும் நிக்கிறாங்க பாருடா. எந்திரி."

தம்பி அசையவில்லை. இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்திருந்தான். உதடு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. பேராயர் வெட்டுப்பட்ட கையை மற்றக் கையால் பொத்திக்கொண்டு, ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்றார். அதற்குமேல் சொல்ல அவருக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் சொன்னார். அழைப்பு இல்லை.

டயர்க்காரனுக்கு ஒரே ஓட்டமாக ஓடிப்போய், தம்பியின் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட வேண்டும் போலிருந்தது. இந்த வாழ்நாள் முழுக்க அவன் செய்துவந்தது அதைத்தானே. ஆனால் நாற்காலி உடைந்து கிடந்தது, மூப்பரைக் கிடத்த இடம் இல்லை, வாங்கிக்கொள்ள ஒருவரும் கிட்டே வரவில்லை. கையை விட்டால் அவர் விழுந்துவிடுவார்.